ஊசிக்குத் திருநீறு

அன்று மாரியம்மன் கோயில் வாசலில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பூசாரி இருந்தார். சட்டி பானை செய்கிறவர். குளித்துவிட்டு வந்தாலும் நகக்கண்ணில் களிமண் இருக்கும்.

அம்பலகாரர் இருந்தார். ஊர் அவர் சொல்லைக் கேட்கும். எங்கள் ஊரில் குடை வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

அம்மைப்பால் குத்துகிறவர் இருந்தார். புதுக்கோட்டையிலிருந்து சைக்கிளில் வந்திருந்தார். காக்கிச் சட்டை, தகரப் பெட்டி.

அத்தை இருந்தாள். அப்பாவோடு பிறந்தவள் அவள் ஒருத்திதான்.

அத்தை மகள் இருந்தாள். அவளுக்கும் எனக்கும் ஒன்பது வயது.

அம்மா இருந்தாள், இடுப்பில் தம்பியோடு.

ஊர்ப் பிள்ளைகள் இருந்தார்கள். ஒவ்வொன்றையும் ஒரு தாய் பிடித்திருந்தாள். விட்டால் ஓடிவிடும்.

நான் இருந்தேன்.

அப்பா கடைசியில் வந்தார். திருச்சிக்குக் கடலை ஏற்றிப் போன வண்டி அப்போதுதான் திரும்பியது. மாட்டை அவிழ்க்கக்கூட இல்லை. கூட்டத்தைப் பார்த்து நேரே வந்துவிட்டார்.

பங்குனி மாதம். உலகச் சண்டைக் காலம். மண்ணெண்ணெய் கிடைக்காத வருசம். எங்கள் ஊர் குடுமியான்மலைக்கு மேற்கே. மறுநாள் காப்புக்கட்டு. காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடிகிறவரை யார் உடம்பிலும் கத்தியோ ஊசியோ படக்கூடாது. அதனால் முதல் நாளே பிள்ளைகளுக்குக் குத்தி முடித்துவிடுவது என்று பேச்சு.

நம் வயதுக்காரர்களுக்கு அம்மைப்பால் என்றால் தெரியும், பெரியம்மைத் தடுப்பு ஊசி. மேல்கையில் வடு இருக்கும். அந்த ஊசி இப்போதைய ஊசி இல்லை. ஒரு சின்ன வட்டம், சுற்றிலும் பல், பின்னால் ஒரு பிடி. கையில் மாட்டம்மைக் கொப்புளத்துப் பாலைத் தடவி, அதன்மேல் வைத்துத் திருகுவார்கள். அந்தச் சாமானை இப்போது எங்கேயும் காணோம்.

அதற்கு முந்தின வருசம் வரைக்கும், குத்துகிறவர் வருகிறார் என்றால் பிள்ளைகளைக் கருவேலங்காட்டுக்குள் ஓட்டிவிடுவார்கள். சர்க்கார் உத்தரவு இருந்தது. உத்தரவு காட்டுக்குள் வராது. அம்மை என்றால் ஆத்தா. வருகிறவளை மாட்டுப்பால் வைத்துத் தடுப்பதா என்று கேட்பார்கள். அப்பா ஒருவர்தான் எங்களை வண்டியில் புதுக்கோட்டைக்குக் கொண்டுபோய் ஆசுபத்திரியில் குத்திக் கூட்டி வந்தார். எனக்கும் தம்பிக்கும் கை புண்ணாகி ஆறியது. மற்றப் பிள்ளைகள் என்னை ‘மாட்டுப்பால் கையி’ என்று கூப்பிட்டார்கள்.

அந்த முந்தின வருசம்தான் குத்துகிறவர் ஒரு நாள் பூசாரி வீட்டில் போய் உட்கார்ந்தார். பூசாரி சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தாராம். என்ன பேசினார்கள் என்று தெரியாது. மறுநாள் பூசாரி அந்த ஊசியை வாங்கி மாரியாத்தா காலடியில் வைத்தார். வேப்பிலை வைத்தார். திருநீறு போட்டார். வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் பொட்டலம் கட்டிப் போட்டு, ஒன்றை எடுக்கச் சொன்னார். வெள்ளை வந்தது.

“உத்தரவு குடுத்துட்டா” என்றார். தன் கையைத்தான் முதலில் நீட்டினார்.

அன்று ஆண்கள் சிலர் மட்டும் குத்திக்கொண்டார்கள். ஒரு வருசம் ஓடியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதனால்தான் இந்த வருசம் தாய்மார்கள் பிள்ளைகளைக் கூட்டி வந்தார்கள். இந்த வருசமும் வெள்ளைப் பூதான் வந்தது.

பூசாரி ஊசியைத் திருநீறோடு கொடுத்தார். குத்துகிறவர் அதைத் துடைத்துவிட்டு, பெட்டியிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடி விளக்கை எடுத்துப் பற்ற வைத்தார். சாராய விளக்கு. நீலத் தீ. அதில் ஊசியைக் காட்டினார். கூட்டம் அதைச் சூடம் என்று நினைத்துக்கொண்டது. கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அத்தை தீயைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். குத்துகிறவர், அவள் ஒற்றி முடிக்கிறவரை விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அப்பா சிரித்துவிட்டார்.

“என்ன தங்கச்சி, சாராயத் தீயவா கும்புடுற?”

அத்தை முகம் செத்துப்போனது.

“அண்ணே, செத்த சும்மா இருங்க” என்றாள்.

அப்பா சும்மா இருக்கவில்லை. திருச்சியில் கடலையை இறக்கிவிட்டு மைதானத்தில் சுயமரியாதைக் கூட்டம் கேட்கிறவர். திருநீறு பூசுவதை விட்டுப் பல காலம் ஆகியிருந்தது. பூசாரியைப் பார்த்துச் சொன்னார்.

“ஊசிக்கு எதுக்குத் திருநூறு? அழுக்குத்தான் சேரும். காக்குறது அந்தப் பாலு. அவ இல்ல.”

“தம்பி, இன்னிக்கு இந்தப் பேச்சு வேணாம்” என்றார் பூசாரி. “பிள்ளைக நிக்கிது.”

“பேசாமப் பேசாமத்தான என் மூத்தவன மண்ணுக்குள்ள வச்சேன். வேப்பிலையில கெடந்தான். மஞ்சத்தண்ணியில கெடந்தான். ஊரே வாயப் பொத்திக்கிட்டு நின்னீக. அப்ப அவ எங்கிட்டுப் போயிருந்தா? உள்ள கல்லுதான் இருக்கு. கல்லு எங்கிட்டுப் போகும்?”

எனக்கு முன்னால் ஒரு அண்ணன் இருந்தான். நான் பிறப்பதற்கு முன்பே அம்மையில் போனவன். வீட்டில் அவன் பேரை எடுக்க மாட்டார்கள். அப்பா அவனைப் பற்றிப் பேசி நான் கேட்டது அன்றுதான்.

அம்பலகாரர் குடையை மடக்கினார்.

“ஏப்பா வண்டிக்காரா. ஆத்தா இல்லங்குற. மடியில அம்மன் காசு மட்டும் எதுக்கு முடிஞ்சு வச்சிருக்க? இங்கிட்டு வீசு. பிள்ளைக பொறுக்கட்டும்.”

ஊர் சிரித்தது. எங்கள் சமஸ்தானத்துக் காசில் அம்மன் உருவம் இருக்கும். உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள், சின்னச் செப்புக் காசு. அந்தச் சிரிப்போடு முடிந்திருக்கலாம். அப்பாவும் சிரித்துவிட்டு மாட்டை அவிழ்க்கப் போயிருக்கலாம். அம்பலகாரர் அதற்கு வழி விட்டுத்தான் பேசினார் என்று இப்போது தோன்றுகிறது.

அப்பா மடியிலிருந்து ஒரு காசை எடுத்து உயர்த்திக் காட்டினார்.

“இதுல இருக்குறவ ரெண்டு வெத்தலையாச்சும் வாங்கித் தருவா அம்பலாரே. உள்ள இருக்குறவ அதுக்கும் ஆக மாட்டா.”

யாரும் சிரிக்கவில்லை.

பூசாரி குத்துகிறவர் கையிலிருந்து ஊசியை வாங்கினார். வேட்டி முனையில் துடைத்தார். தகரப் பெட்டியில் வைத்து மூடினார்.

“கொண்டு போங்க” என்றார். “அவ இல்லங்குற எடத்துல யாருகிட்ட நான் உத்தரவு கேக்குறது?”

வரிசையில் முதலில் நின்றவள் அத்தை மகள். அவள் கையில் சாராயம் தடவியாகிவிட்டது. சில்லென்று இருந்தது போல, ஊதிக்கொண்டு நின்றாள். அத்தை அவளை இழுத்துக்கொண்டு போனாள். போகும்போது தலைப்பால் அந்தக் கையைத் துடைத்துவிட்டாள்.

சாயங்காலம் ஊர் கூடியது. அப்பா ஈர வேட்டியோடு கோயில் வாசலில் விழ வேண்டும், சொன்னது தப்பு என்று ஊர் கேட்கச் சொல்ல வேண்டும், அதுவரை அந்த வீட்டோடு யாருக்கும் பேச்சு இல்லை என்று அம்பலகாரர் சொன்னார். தண்ணீர் எடுக்கலாம், நெருப்பு எடுக்கலாம், பேச்சு மட்டும் கிடையாது. அதோடு இன்னொன்றும் சொன்னார். அந்த ஊசி இனிமேல் வண்டிக்காரன் ஊசி. எடுத்துக்கொள்கிறவர்கள் அவன் பக்கம்.

அம்மா அழுதாள்.

“ஏங்க, ஒரு தடவ விழுந்துட்டு வந்துருங்களேன். ஒங்களுக்குத்தான் அங்க யாருமில்லையே. யாருமில்லாத எடத்துல விழுந்தா என்ன?”

இப்போது நினைத்தால் நல்ல கேள்வி. அப்பா, “பொய் சொல்லியிருந்தா விழுவேன்” என்றார்.

காப்புக் கட்டினார்கள். திருவிழா நடந்தது. எங்கள் வாசலுக்கு முளைப்பாரி வரவில்லை. கிணற்றடிக்கு அம்மா போனால் பெண்கள் பேச்சை நிறுத்துவார்கள். கயிற்றைக் கொடுப்பார்கள். குடத்தைத் தூக்கியும் விடுவார்கள். வாய் திறக்க மாட்டார்கள். சண்டை போட்டாலாவது நன்றாக இருக்கும் என்று அம்மா சொன்னாள்.

அத்தை மகள் மட்டும் ஒரு வழி கண்டுபிடித்தாள். எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் ஆட்டுக்குட்டியைக் கட்டிவிட்டு அதோடு பேசுவாள்.

“ஆட்டுக்குட்டி, எங்க வீட்டுல இன்னிக்குக் கேப்பக்களி. ஒனக்கு?”

நான் சுவரைப் பார்த்துச் சொல்வேன். “சுவரே, எங்க வீட்டுலயும் அதுதான்.”

“ஆட்டுக்குட்டி, அந்த ஊசி ரொம்ப வலிக்குமாம்ல?”

“சுவரே, எறும்பு கடிச்ச மாதிரி.”

“பொய்யி. ஆட்டுக்குட்டி, மாட்டுப்பால் கையி பொய் சொல்றா, கேட்டியா?”

அவள் சிரிப்பாள். எனக்கும் சிரிப்பு வரும். ஆட்டைப் பார்த்துச் சிரிப்பது பேச்சில் சேராது என்று நாங்களே வைத்துக்கொண்டோம்.

சித்திரையில் குத்துகிறவர் மறுபடி வந்தார். திருவிழாச் சூடு ஆறியிருக்கும் என்று நினைத்து வந்தார். ஒரு வீடும் கதவைத் திறக்கவில்லை. கடைசியில் எங்கள் வீட்டுக்கு வந்தார். எங்கள் வீட்டில்தான் அவரோடு பேச ஆள் இருந்தது. அம்மா நீர்மோர் கொடுத்தாள். அவர் சட்டையில் ஆசுபத்திரி மருந்து வாசம்.

“கீரனூர்ப் பக்கம் அம்மை வந்துருச்சு” என்றார். “இங்கிட்டு வாரதுக்குள்ள குத்தியாகணும்.”

“குத்துங்க. நானா வேணாங்குறேன்?” என்றார் அப்பா.

“நீங்க விழுந்தாத்தான் பூசாரி ஊசியத் தொடுவாக. அவுக தொட்டாத்தான் சனம் கை நீட்டும்.”

“சர்க்கார் சம்பளம் வாங்குறீங்க. ஒரு கல்லு முன்னால ஊசிய வைக்கிறீங்களே, ஒங்களுக்குக் கூச்சமா இல்லையா?”

அவர் கோபப்படவில்லை. மோரைக் குடித்து முடித்தார்.

“எனக்குக் கை வேணும் வண்டிக்காரரே. யாரு பேரச் சொல்லி நீட்டுனா எனக்கென்ன?”

“நெசம்னு ஒண்ணு இருக்குல்ல.”

“இருக்கு. அத ஊசி பாத்துக்கிரும். நீங்க ஒரு தடவ விழுந்து எந்திரிங்க. மண்ணு தட்டுனாப் போயிரும்.”

“மண்ணு போயிரும்” என்றார் அப்பா. அதோடு எழுந்து மாட்டுக்கு வைக்கோல் போடப் போய்விட்டார்.

குத்துகிறவர் பூசாரியையும் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். பூசாரி சொன்னதை அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். “எனக்கு அவர் மேல கோவமில்ல. ஆத்தா சொல்றான்னு சொல்லித்தான் இந்தச் சனத்த நீட்ட வச்சேன். ஆத்தாளே இல்லன்னு அதுக காதுல விழுந்தாச்சு. நான் இனிமே என்னத்தச் சொல்லி நீட்டச் சொல்ல?”

அவர் சைக்கிள் போவதைத் தெருவில் எல்லாரும் கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வைகாசியில் வந்தது. முதலில் கீழத்தெருவில் ஒரு வீட்டு நிலையில் வேப்பிலை சொருகினார்கள். பிறகு அம்பலகாரர் வீட்டில். பிறகு எண்ணுவதை விட்டுவிட்டோம். ஊரில் தாளிப்பு நின்றது. ஆத்தா ஊரில் இருக்கும்போது கடுகு வெடிக்கக் கூடாது. சோறு கொதிக்கிற வாசமும் வேப்பிலை வாசமும்தான். உரல் சத்தம் இல்லை. நாய்கூடக் குரைக்க யோசித்த மாதிரி இருந்தது. வெயில் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது.

ஒரு நாள் ஆட்டுக்குட்டி வேலிப்பக்கம் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அத்தை வீட்டு நிலையில் வேப்பிலை.

அப்பா போனார். நானும் பின்னால் போனேன். கதவு சாத்தியிருந்தது.

“தங்கச்சி, கதவத் தெற. பிள்ளையப் பாத்துட்டுப் போறேன். வண்டியப் பூட்டி ஆசுபத்திரிக்குக் கொண்டு போவோம்.”

உள்ளே நடமாட்டம் கேட்டது. கதவு திறக்கவில்லை. அத்தை அவரோடு பேசவில்லை. வேப்பிலையோடு பேசினாள்.

“மாரியாத்தா, வாசல்ல நிக்கிறவுகளப் போகச் சொல்லு. ஒன்னயப் பேசுன வாயி இங்க வேணாம். எம் பிள்ளைக்கு ஆகாது.”

அப்பாவிடம் அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை. அங்கிருந்து நேரே ஊருணிக்குப் போனார். வேட்டியோடு முங்கினார். சொட்டச் சொட்டக் கோயிலுக்கு நடந்தார். உச்சிவெயில். வாசல் மண் சுட்டது. விழுந்தார்.

பூசாரி உள்ளே இருந்தார். சத்தம் கேட்டு வெளியே வந்தார். தெருவில் இருந்தவர்கள் வந்தார்கள். அம்பலகாரரும் வந்தார், குடை இல்லாமல். அவர் வீட்டிலும் ஒரு பேரன் படுத்திருந்தான்.

“சொன்னது தப்பு” என்றார் அப்பா. முகம் மண்ணில் இருந்தது. யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை. மறுபடி சொன்னார். “சொன்னது தப்பு. பூசாரி, ஆள் விட்டு அந்த ஊசிக்காரரக் கூப்புடுங்க. படுக்காத பிள்ளைகளுக்காச்சும் குத்தட்டும். நான் வேணா இப்பிடியே கெடக்குறேன்.”

பூசாரி பக்கத்தில் உட்கார்ந்தார்.

“தம்பி, நீ இதச் சித்திரையிலயாச்சும் செஞ்சிருக்கணும். அவ இப்ப ஊருக்குள்ள வெளையாடுறா. வெளையாடுறப்ப ஊசி எடுத்தா அவ மேல குத்துற மாதிரி. கேக்கவே முடியாது. பூக் கட்டக்கூட முடியாது.”

கூட்டத்தில் ஒரு கிழவர், “பாத்தியளா, இல்லன்னவனையே விழ வச்சுட்டா” என்றார். ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு எல்லாரும் போட்டுக்கொண்டார்கள். இதுவரை மனசுக்குள் ஊசியை நினைத்துக்கொண்டிருந்த தாய்மார் ஒன்றிரண்டு பேர் இருந்திருப்பார்கள். அவர்களும் அன்றோடு அதை விட்டார்கள்.

அப்பா எழுந்தார். மண்ணைத் தட்டவில்லை. அப்படியே வீட்டுக்கு வந்தார்.

பேச்சுத்தடை அன்றே எடுத்தாகிவிட்டது. ஆனால் பேச யாருக்கும் ஒன்றும் இல்லை.

அத்தை மகள் வெள்ளிக்கிழமை போனாள். அம்மையில் போனால் எரிப்பதில்லை, புதைப்பதுதான். ஆத்தா கூட்டிக்கொண்ட பிள்ளை. அதற்கு மேளம் இல்லை. ஒப்பாரி இல்லை. வாய்விட்டு அழுதால் அவளைக் குறை சொன்ன மாதிரி. வேப்பிலையில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனார்கள். அத்தை வாசலில் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். அந்தத் தெருவில் அவ்வளவு பேர் நின்றும் காலடிச் சத்தம் மட்டும்தான் கேட்டது. அப்பாவும் நின்றார். அவரும் அழவில்லை. சொல்லக்கூடாததைச் சொன்னவர், அழக்கூடாத இடத்தில் அழாமல் நின்றார்.

ஆடியில் மழை விழுந்த பிறகு அத்தை ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அப்பா இல்லை. அம்மா பாய் போட்டாள். உட்காரவில்லை. என்னைக் கூப்பிட்டாள். என் சட்டைக் கையை மேலே தூக்கினாள். வடுவை விரலால் தடவிப் பார்த்தாள்.

“வலிச்சுச்சா?”

“கொஞ்சம்” என்றேன்.

“அம்புட்டுத்தானா?” என்றாள். போய்விட்டாள்.

அப்பா சொன்னதில் பொய் இல்லை. இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். பூசாரி செய்ததிலும் எனக்குத் தப்புத் தெரியவில்லை. ஊர் தன் சாமியை ஒருவன் காசுக்கு ஒப்பிட்டான் என்று நோவதும் நியாயம்தான். இவ்வளவு நியாயத்தையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. வயது இவ்வளவு ஆகியும் தெரியவில்லை. தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

அப்பா அதற்குப் பிறகு திருச்சிக்குப் போனால் கூட்டம் கேட்பதில்லை. கடலையை இறக்குவார், திரும்பிவிடுவார். கோயிலுக்கும் போகவில்லை. திருநீறும் பூசவில்லை. ஊரில் யாராவது ஏதாவது கேட்டால் ஆமாம் என்பார், இல்லை என்பார். மாட்டோடுகூடப் பேச்சு குறைந்துபோனது. நாக்கைச் சொடுக்கியே ஓட்டினார்.

அடுத்த பங்குனியில் குத்துகிறவர் வந்தார். கூட ஒரு போலீஸ்காரரும் வந்தார். தேவையிருக்கவில்லை. யாரும் ஓடவில்லை. இருந்த பிள்ளைகளைத் தாய்மார் தாங்களே கூட்டி வந்தார்கள். வரிசை சீக்கிரம் முடிகிற மாதிரித்தான் இருந்தது.

அவர் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு பூசாரியைப் பார்த்தார்.

“காலடியில வைக்கவா?”

“வேணாம்” என்றார் பூசாரி. “குத்துங்க.”

பூக் கட்டவில்லை. சூடம் இல்லை. விளக்கைப் பற்ற வைத்தபோது யாரும் கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை. அப்பா கேட்டது எல்லாம் அப்படியே நடந்தது. பார்க்க அவர் வரவில்லை. வண்டி அச்சுக்கு மை போட்டுக்கொண்டிருந்தார்.

குத்தி முடித்துப் பெட்டியை மூடிவிட்டு, போன கோடையில் தவறியது எத்தனை பிள்ளைகள் என்று அவர் கேட்டார். மேலே சொல்ல வேண்டுமாம். அம்பலகாரர் தலையைத் திருப்பிக்கொண்டார். தாய்மார் நகர்ந்து போனார்கள். ஒவ்வொரு குழிக்கும் மஞ்சள் தண்ணீர் தெளித்தவர் பூசாரி. அவர்தான் சொன்னார்.

“பதினாலு.”